கடல் கடந்த பிள்ளைக்கு ஒரு எண். வீட்டிலிருக்கும் நமக்கு ஒரு தாள்

மாரி காலத்தில் கலா ஓயா பெருகினால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். இதை இங்குள்ள எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியான நாட்களில் அக்கரையில் நிற்பவர் அக்கரையில்தான், இக்கரையில் நிற்பவர் இக்கரையில்தான். கூப்பிட்டால் குரல் கேட்கும். ஆனால் போய்ச் சேர முடியாது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் குரலும் பல வேளைகளில் அப்படித்தான் எமக்குக் கேட்கிறது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறோம். பெயர்கள் வேண்டாம். 1990இல் முசலிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம் அது. சொந்தக் காணியில் நெல் விதைத்தவர்கள், இங்கு வந்து பிறருடைய தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றார்கள். மூத்த மகள் இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனாள்.

போய் ஏழாம் மாதம், ஓர் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. குவைத்தில் அப்போது இரவு எட்டு மணி. "உம்மா, இங்க அடிக்கிறாங்க. எப்படியாவது என்னக் கூப்பிட்டு எடுங்க" என்ற வார்த்தைகள் மட்டும் கேட்டன. இணைப்பு அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தால் மணி போகவில்லை.

அந்த வீட்டில் அன்றிரவு யாரும் உறங்கவில்லை. அனுப்பிவைத்த உப முகவரின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. மகள் வேலை செய்யும் வீட்டுக்காரரின் பெயர் என்ன? தெரியாது. எந்த ஊர்? "குவைத்" என்பதற்கு மேல் தெரியாது. கடவுச்சீட்டு இலக்கம்? தெரியாது. எந்த ஏஜென்சி? "புத்தளத்தில் ஓர் ஆள் வந்து கூட்டிப்போனார்." அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். எந்த எண்ணை அழைப்பது, அழைத்து என்ன சொல்வது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியதுதான்.

ஒரே வருடத்தில் இரண்டு ஓட்டம்

வெளிநாட்டில் இருப்பவரும் ஊரில் இருப்பவரும் ஒருவரையொருவர் தொலைத்துவிடும் துன்பம் எமது மக்களுக்குப் புதிதல்ல. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஏறக்குறைய ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தனர். பெரும்பாலோர் பெண்கள். பல்லாயிரம் பேர் ஈராக் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனக் கூடாரங்களில் காத்துக் கிடந்து, பின்னர் விமானங்களில் நாடு திரும்பினார்கள்.

அதே வருடம் ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்த இடம் இந்தப் புத்தளம் மாவட்டம். அந்நிய நாட்டிலிருந்த மகள் மன்னார் முகவரிக்குக் கடிதம் எழுதினால், அதை வாங்குவதற்கு அந்த வீட்டில் யார் இருந்திருப்பார்கள்? மகள் இருந்த நாட்டில் யுத்தம். தாய் இருந்த வீட்டில் ஆளில்லை.

பின்னர் குவைத் யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு மூலம் நட்டஈடு கிடைத்தது. அதைப் பெறுவதற்கு 1990 ஆகஸ்ட் 2க்குப் பின்னர் ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேறியதற்கான ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. அவசரமான நேரத்திலும், அவசரம் கடந்த பின்னரும், தாள் வைத்திருந்தவனுக்கே வழி திறந்தது. இடம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு இது கசப்பான பாடம். வீட்டோடும் காணியோடும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம்.

மூன்று கதவுகள்

வெளிநாட்டில் ஆபத்து நேரும்போது தட்டவேண்டிய கதவுகள் மூன்று. எந்த ஆபத்துக்கு எந்தக் கதவு என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதற் கதவு, அந்த நாட்டின் பொலிஸும் அம்புலன்ஸும். உயிருக்கு ஆபத்து என்றால் இதுதான். அடி, பாலியல் வன்முறை, தீ, விபத்து, கடும் நோய் எதுவானாலும் அங்கே நிற்பவர் அங்கேயுள்ள எண்ணைத்தான் அழுத்த வேண்டும். எமது 119 அங்கே வேலை செய்யாது. எமது மக்கள் அதிகமாகப் போகும் நாடுகளின் எண்கள் இவை:

குவைத்: 112. பொலிஸ், அம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் இதுவே.
சவூதி அரேபியா: பொலிஸ் 999, அம்புலன்ஸ் 997, தீயணைப்பு 998. ரியாத், மக்கா, மதீனா, கிழக்கு மாகாணம் ஆகிய இடங்களில் எல்லாவற்றுக்கும் 911.
ஐக்கிய அரபு இராச்சியம் (துபாய், அபுதாபி, சார்ஜா முதலியன): பொலிஸ் 999, அம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997.
கட்டார்: 999.
பஹ்ரேன்: 999.
ஓமான்: 9999.
ஜோர்தான்: 911.
லெபனான்: பொலிஸ் 112, செஞ்சிலுவை அம்புலன்ஸ் 140.

சவூதியில் 997 என்றால் அம்புலன்ஸ். துபாயில் 997 என்றால் தீயணைப்பு. ஆகையால் முன்னர் சவூதியில் வேலை செய்த அக்காவிடம் கேட்டு எழுதிய எண் துபாய்க்குப் போகும் தங்கைக்குப் பொருந்தாது. போகும் நாட்டின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். பூட்டியிருக்கும் கைத்தொலைபேசியிலும் "அவசர அழைப்பு" என்ற இடம் இருக்கும். இரகசிய இலக்கம் தெரியாவிட்டாலும் அதிலிருந்து இந்த எண்களை அழைக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மறுமுனையில் இருப்பவர் அரபு பேசுவார். நீண்ட வசனம் வேண்டாம். பொலிஸ் என்பதற்கு "ஷுர்தா", அம்புலன்ஸ் என்பதற்கு "இஸ்ஆஃப்", வைத்தியசாலைக்கு "முஸ்தஷ்ஃபா", தூதரகத்துக்கு "சஃபாரா". இந்த நாலு சொல்லோடு வீடு எந்தப் பகுதியில், எத்தனையாம் தெருவில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் ஆள் வந்து சேரும். போய் முதல் வாரத்திலேயே வீட்டு இலக்கத்தையும் தெருவையும் கேட்டு ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கதவு, அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகம். சம்பளம் தரவில்லை, உணவு தரவில்லை, கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்தும் அனுப்பவில்லை, வீட்டில் இருக்கவே முடியாது என்ற நிலை. இவற்றைக் கவனிப்பதற்குத் தொழிலாளர் அதிகம் உள்ள நாடுகளின் தூதரகங்களில் தொழில் நலன் பிரிவு இருக்கிறது. குவைத், ரியாத் போன்ற இடங்களில் தப்பி வரும் பெண்கள் தங்குவதற்குப் பாதுகாப்பு இல்லங்களும் நடத்தப்பட்டு வந்துள்ளன. வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தால் நேரே தூதரகத்துக்கோ பொலிஸுக்கோதான் போக வேண்டும். வழியில் அகப்படும் "நல்ல வேலை எடுத்துத் தருகிறேன்" என்பவருடன் போனால், "வேலைக்காரி ஓடிவிட்டாள்" என்று எஜமான் கொடுக்கும் முறைப்பாடு மட்டுமே பதிவில் நிற்கும். பாதிக்கப்பட்டவளே குற்றவாளி ஆகிவிடுவாள்.

கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதை வழமை என்று எண்ணிவிடக் கூடாது. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டம் அதைத் தடை செய்கிறது. அடியும் பசியும் சட்டத்துக்கு அஞ்சுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சட்டம் இருக்கிறது என்று தெரிந்தவள் முறையிடுவாள். தெரியாதவள் விதியென்று இருந்துவிடுவாள்.

மூன்றாவது கதவு, இங்கே நாட்டில் இருக்கிறது. அது வீட்டிலிருக்கும் நமக்கானது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 24 மணிநேர அவசர எண் 1989. ஆள் காணாமற்போய்விட்டால், சிறையில் இருப்பதாகத் தெரிந்தால், மரணம் நேர்ந்தால், வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவும் இதில் சேர்கிறது. அதற்குக் கொழும்புக்கு மட்டும் ஓட வேண்டியதில்லை. குருநாகல், யாழ்ப்பாணம் முதலிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. எமக்குக் கிட்டியது குருநாகல்.

1989ஐ எப்படி நினைவில் வைப்பது? நாம் இடம்பெயர்ந்த வருடம் 1990. அதற்கு முந்திய வருடம், ஊரில் கடைசியாக முழுவதும் இருந்த வருடம், 1989. அதை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். 1990 என்ற எண்ணும் இருக்கிறது. அது இலங்கைக்குள் ஓடும் "சுவசெரிய" இலவச அம்புலன்ஸ் சேவையின் எண். இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளூரில் நோயாளிக்கு 1990. கடல் கடந்தவருக்கு 1989.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989 என்பது இலங்கைக்குள் அழுத்தும் குறுகிய எண். வெளிநாட்டில் இருப்பவர் அதை நம்பி இருக்கக் கூடாது. அவருக்கு 94 என்று தொடங்கும் நீண்ட எண்தான் வேண்டும். பிள்ளை புறப்படுவதற்கு முன்பே 1989ஐ அழைத்து, "வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்குரிய எண் எது? அங்குள்ள தூதரகத்தின் தொழில் பிரிவு எண் எது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூதரக எண்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. போன வருடம் பக்கத்து வீட்டார் எழுதிய எண்ணை நம்பாமல், கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

மறுமுனை கேட்கும் கேள்விகள்

இனி அந்தக் குவைத் மகளின் கதைக்கு வருவோம். மறுநாட் காலை தகப்பன் கிராம உத்தியோகத்தரிடம் போனார். அவர்தான் 1989ஐச் சொன்னார். அழைத்தார்கள். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். கடவுச்சீட்டு இலக்கம்? பணியகத்தில் பதிந்து போனவரா? முகவர் நிலையத்தின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம்? எஜமானின் பெயர், தொலைபேசி? தகப்பனுக்கு மகளின் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. ஒரே பெயரில் எத்தனை பேர் குவைத்தில் இருப்பார்கள்!

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை உதறிய பாட்டிக்கு மடித்த தாள் ஒன்று அகப்பட்டது. போவதற்கு முன் எடுத்த மெடிக்கல் அறிக்கையின் போட்டோ பிரதி அது. மகளின் படமும், படத்தின் கீழ் கடவுச்சீட்டு இலக்கமும் அதில் இருந்தன. பிள்ளை, தாயின் படம் என்பதற்காக அதை ஒளித்து வைத்திருந்தது.

அந்த இலக்கத்தைச் சொன்னவுடன் பதிவு கிடைத்தது. பதிவிலிருந்து முகவர் நிலையம், அதிலிருந்து எஜமானின் பெயர், அதிலிருந்து வீடு. மூன்று வாரங்களின் பின் அவள் தூதரகத்தின் பாதுகாப்பில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஊர் வந்து சேர மேலும் நாலு மாதம் சென்றது. உழைத்த சம்பளம் முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஆள் வந்து சேர்ந்தாள்.

அவள் பதிந்து போயிருந்தபடியால்தான் இது முடிந்தது. சுற்றுலா வீசாவில், பதியாமல், உப முகவரின் பேச்சை நம்பிப் போயிருந்தால் அந்த இலக்கத்துக்குப் பின்னால் தேடுவதற்கு எதுவும் இருந்திராது. பதிவோடு வரும் காப்புறுதியும் கிடைத்திராது.

பொய்த் தாள் ஆளைக் காப்பாற்றாது

தாள் இருந்தால் போதாது. அது உண்மையானதாகவும் இருக்க வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 1988இல் பிறந்த அந்தப் பிள்ளையை, 1982இல் பிறந்ததாகக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். அதே வருடம் மே மாதம் அவள் பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. குழந்தைக்குப் பால் புரைக்கேறியது என்று அவள் சொன்னாள். கொலை என்று வழக்கு வந்தது. முறையான மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் இல்லாமல் அவளுடைய வாக்குமூலம் எடுக்கப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. சம்பவத்தின்போது அவளுக்கு 17 வயதுதான் என்று ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் சொன்னது. கடவுச்சீட்டோ அதற்கு மாறாக நின்றது.

ஆகவே ஒரு வயதைக் கூட்டி, ஒரு பெயரை மாற்றி, "இதெல்லாம் பரவாயில்லை" என்று சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆபத்து வேளையில் அந்தப் பொய்யைச் சுமப்பது முகவர் அல்ல, பிள்ளைதான்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா கொன்சியூலர் உறவுகள் சமவாயத்தின் 36ஆம் உறுப்புரைப்படி, வெளிநாட்டில் பொலிஸ் பிடித்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையொப்பம் வைப்பதற்கு முன் "சஃபாரா" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

யுத்தம் வந்தால்

2006 யூலையில் லெபனான் மீது குண்டுகள் விழுந்தபோது அங்கே எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் இருந்தனர். சில வீட்டுக்காரர்கள் பணிப்பெண்களைப் பூட்டிய வீடுகளில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பியோடினார்கள். தூதரகத்தை அடைந்தவர்களையும் லெபனான் காரித்தாஸ் புகலிடம் கொடுத்தவர்களையும் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு சிரியா வழியாக அழைத்துவர உதவியது. 2024இல் அங்கே மீண்டும் யுத்தம் மூண்டபோதும் பயம் அதுவே.

அப்படியான வேளையில் தூதரகம் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்தே ஆளைத் தேடும். பட்டியலில் பழைய வீட்டு முகவரியும், இப்போது பாவனையில் இல்லாத தொலைபேசி எண்ணும் இருந்தால் யாரைக் கண்டுபிடிப்பது? வீடு மாறினால், எஜமான் மாறினால், சிம் மாறினால் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இதே குறை எமது பக்கத்திலும் உண்டு. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் ஆவணங்களில் இன்றும் பழைய ஊரின் முகவரிதான் இருக்கிறது, வாழ்வது புத்தளத்தில். 2009க்குப் பின் திரும்பிப் போனவர்களில் சிலருக்கு இதுவே தலைகீழ். வெளிநாட்டில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால், அறிவித்தல் தாளிலுள்ள முகவரிக்குத்தான் போகும். பணியகத்தில் பதியும்போது "நெருங்கிய உறவினர்" என்ற இடத்தில் இப்போது குடியிருக்கும் முகவரியையும், அடிக்கடி மாறாத ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். வீட்டில் அப்படி எண் இல்லாவிட்டால், நம்பிக்கையான உறவினர், பாடசாலை ஆசிரியர், பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவர் என யாரிடமாவது சம்மதம் கேட்டு அவருடைய எண்ணைக் கொடுக்கலாம்.

ஒரு கொப்பி, ஒரு தாள்

பிள்ளை புறப்படும் முன் வீட்டில் ஒரு கொப்பி எடுத்து இவற்றை எழுதுங்கள்: கடவுச்சீட்டு இலக்கம், வீசா இலக்கம், பணியகப் பதிவு இலக்கம், முகவர் நிலையத்தின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும், எஜமானின் பெயர், முகவரி, தொலைபேசி, புறப்பட்ட திகதி. ஒப்பந்தத்தினதும் கடவுச்சீட்டினதும் பிரதிகளை அந்தக் கொப்பிக்குள் வையுங்கள். அங்கே அடையாள அட்டை கிடைத்ததும் அதன் படத்தை அனுப்பச் சொல்லி, அந்த இலக்கத்தையும் சேருங்கள். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். வீட்டை விட்டு ஓடும் நேரத்தில் எது கையில் வரும், எது வராது என்பதை நாம் அனுபவத்தில் கண்டவர்கள்.

முகவர் உண்மையான அனுமதி உள்ளவரா என்பதை 1989இலேயே கேட்டு அறியலாம். வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகத்துக்குப் போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரிக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள்; பின்னர் அல்ல.

பிள்ளைக்கு எண்களைத் தொலைபேசியில் பதிந்து கொடுத்தால் மட்டும் போதாது. அநேகமான வீடுகளில் முதலில் பறிபோவது தொலைபேசிதான். வாய்ப்பாடு போல மூன்று எண்களைப் பாடமாக்கச் செய்யுங்கள்: அந்த நாட்டின் அவசர எண், தூதரக எண், வீட்டு எண். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வானுக்குள் வைத்தே கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணீர் விடுவதற்கு நேரம் இருக்கிறது, முதலில் எண்.

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பார்கள். ஆற்றங்கரையில் வாழும் எமக்கு அதன் பொருள் விளங்கும். எமது பெண்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடப்பதை நாம் விரும்பவில்லை. விதைக்கக் காணியும் விளைவுக்கு விலையும் இருந்தால் அவர்கள் போகவும் மாட்டார்கள். அது வேறொரு போராட்டம். அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் இன்று போகிறவள் இன்று போகிறாள். அவள் கூப்பிடும் குரல் ஒருநாள் இரவு கேட்கும்போது, வீட்டில் விளக்கைப் போட்டு, கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க ஒருவர் இருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் வீட்டில் இப்போது அப்படியொரு கொப்பி இருக்கிறது. இளைய மகள் கட்டாருக்குப் போயிருக்கிறாள். மெடிக்கல் அறிக்கையை ஒளித்து வைத்த அதே பேரப்பிள்ளைதான், வளர்ந்த கையெழுத்தில், அதன் முதற் பக்கத்தை எழுதியிருக்கிறது.